தரம் 2 பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்க எப்படிச் சொல்லிக்கொடுப்பது? மைதானம் இல்லை, சரிவுதான் இருக்கிறது

பனிக்காலம் | ஞாயிறு, இரவு 8.15

வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 2 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். நியமனம் கிடைத்து இது இரண்டாவது வருடம். தமிழ், கணிதம், சுற்றாடல் எல்லாம் எப்படியோ ஓடுகிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போகும் பாடவேளை வந்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் மைதானத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது நூறு மீற்றர் தடம் போடச் சொல்வீர்கள். கட்டடத்துக்குப் பின்னால் மலையை வெட்டி எடுத்த ஒரு தட்டு. நீளம் சுமார் 80 அடி, அகலம் 20 அடி. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கும் மேலே புல் முளைத்த மண்மேடு. மறுபக்கம் தேயிலை, அதற்கும் கீழே ஓடை. மூன்று பந்துகள் இருந்தன. ஒன்றில் காற்று நிற்பதில்லை. ஒன்று முதல் கிழமையே தேயிலைக்குள் உருண்டுபோய்விட்டது. அதை எடுக்கப் போன பையன் பந்து இல்லாமல், காலில் இரத்தம் குடிக்கும் நான்கு அட்டைகளோடு திரும்பி வந்தான்.

ஆக, 27 பிள்ளைகள், ஒரு பந்து. வரிசையில் நிறுத்தி, நான் எறிய ஒவ்வொருவராகப் பிடிக்கச் சொல்கிறேன். 30 நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவை பந்து கிடைத்தால் பெரிய காரியம்.

அதில் ஒரு சிறுமி. பந்து என் கையை விட்டுப் புறப்பட்டதுமே கண்ணை இறுக மூடி, முகத்தை இடது தோள் பக்கம் திருப்பிவிடுவாள். கைகள் மட்டும் பலகைபோல முன்னால் நீண்டு நிற்கும். பந்து நெஞ்சில் பட்டுக் கீழே விழும். வரிசை சிரிக்கும். போன வெள்ளிக்கிழமை வெளியே போகிறோம் என்று சொன்னவுடனே வயிறு வலிக்கிறது என்றாள். இடைவேளையில் நன்றாகத்தான் ஓடித் திரிந்தாள்.

பந்து பிடிப்பதை எங்கிருந்து தொடங்குவது? கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

பழைய_ஓட்டக்காரன் | ஞாயிறு, இரவு 9.02

தங்கச்சி, 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். வீணாகத் தலையை உடைத்துக்கொள்கிறீர்கள். மலைப் பிள்ளைக்கு ஓடவும் பாயவும் யாராவது சொல்லித்தர வேண்டுமா? விடிந்தால் லயத்து வரிசை வீட்டிலிருந்து பாடசாலைக்கு இறக்கம், மதியம் அதே பாதையில் ஏற்றம். நடுவில் இரண்டு வடிகான்களைத் தாண்ட வேண்டும். கொழும்புப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து அந்த ஒற்றையடிப் பாதையில் விட்டுப் பாருங்கள், உட்கார்ந்து அழும்.

அவிழ்த்து விடுங்கள், அவர்களாகவே விளையாடுவார்கள். தரம் 5, 6க்கு வரும்போது கால் உள்ளவன் யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். அவனைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் வலய மட்டத்தில் பதக்கம் வரும். கண்டியில் பிறந்த முரளிதரன் டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட் எடுத்தார். அவருக்குத் தரம் இரண்டில் யார் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்?

லயக்கோடி | ஞாயிறு, இரவு 9.40

அந்தக் "கால் உள்ளவன்" பட்டியலில் ஒருநாளும் இல்லாதவன் எழுதுகிறேன், சேர்.

முதலில் முரளி. அவர் லயத்துப் பிள்ளை இல்லை. அப்பா பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தார். படித்தது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர் 14 வயதில் சுழற்பந்துக்கு மாறியது பாடசாலைப் பயிற்றுநரின் யோசனைப்படி. சொல்லித்தர ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேண்டுமானால் அவரை உதாரணம் காட்டலாம்.

இனி என் கதை. தரம் 1 முதல் 5 வரை இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் எனக்கு மூன்று வேலை: அணிவகுப்பில் கையை வீசி நடப்பது, கொடி பிடிப்பது, மரத்தடியில் உட்கார்ந்து கைதட்டுவது. ஓட்டத்தில் ஒவ்வொரு வருடமும் அதே ஐந்து பேர். ஒரேயொரு தடவை பணிஸ் உண்ணும் போட்டியில் முதலாவதாக வந்தேன். அதற்குக் காரணம் திறமை இல்லை, அன்று காலையில் சாப்பிடாமல் போனதுதான்.

ஐந்து வருடத்தில் ஒரு பந்தைப் பத்துத் தடவைகூடத் தொட்டிருக்க மாட்டேன். இன்றைக்கு எனக்கு 32 வயது, கொழும்பில் வேலை. அலுவலகத்தில் மாலையில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். நான் எல்லைக்கோட்டுக்கு அருகில், பந்து வராத இடமாகப் பார்த்து நிற்பேன். அந்தச் சிறுமியின் வயிற்றுவலி எனக்கு நன்றாகத் தெரிந்த வயிற்றுவலி.

ஊவாக்காற்று | திங்கள், காலை 6.10

டீச்சர், நான் பண்டாரவளைப் பக்கம். எனக்கும் அதே மாதிரித் தட்டுதான், உங்களுடையதைவிட அகலம் குறைவு. ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து எறிகிறார்கள்? சரிவைப் பார்த்தா?

நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். பாதிப் பாடவேளை பந்து தேடுவதில் போகும். பிறகு ஒருநாள் வகுப்பை அப்படியே திருப்பி மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். பந்து புல்லில் பட்டு, உருண்டு, எறிந்தவன் காலடிக்கே திரும்பி வருகிறது. உங்கள் மண்மேடு சம்பளம் வாங்காத ஓர் உதவி ஆசிரியர்.

செய்யும் விதம் இதுதான். மேட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி எல்லோரும் ஒரே கோட்டில். ஆளுக்கொரு பந்து. "இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு எறி" என்பது மட்டும்தான் கட்டளை. இப்போது நீங்கள் பின்னால் போய் நின்று கால்களைப் பாருங்கள். பாதிப் பேர் மேட்டுக்கு நேராக நெஞ்சைக் காட்டி, காலை அசைக்காமல் கையால் மட்டும் எறிவார்கள். சிலர் வலது கையால் எறியும்போது வலது காலையே முன்னால் வைப்பார்கள். வேண்டியது எதிர்க்கால். வலது கைக்காரனுக்கு இடது தோள் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும், இடது கால் எட்டி விழ வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், கை கடைசியாக வர வேண்டும்.

இதை வாயால் விளக்கினால் பிள்ளைகளுக்கு ஏறாது. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு சாக்குத் துண்டைப் போட்டேன். "தோளைக் காட்டு, சாக்கை மிதி, எறி." மூன்று சொற்றொடர், பாட்டுப்போல. சரிவில் நிற்பதால் எதிர்க்காலை மேலே வைப்பது அவர்களுக்கே வசதியாக இருக்கிறது. சம தரையில் கிடைக்காத ஒரு நன்மை.

பந்துக்கு: பழைய செய்தித்தாளைக் கசக்கி உருட்டி, கிழிந்த காலுறைக்குள் திணித்து, முடிச்சுப் போட்டு, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி நாலைந்து மாட்டுங்கள். துள்ளாது, ஆகவே ஓடைக்கும் போகாது. மூக்கில் பட்டாலும் வலிக்காது.

தரையில்_வட்டம் | திங்கள், இரவு 7.30

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். ஊவாக்காற்று சேர் சொன்ன "பின்னால் நின்று கால்களைப் பாருங்கள்" என்பதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓடுதல், பாய்தல், கெந்துதல் (ஒற்றைக் காலில் குதித்தல்) போன்ற இடம்பெயரும் திறன்கள், எறிதல், பிடித்தல், உதைத்தல், அடித்தல் போன்ற பொருளைக் கையாளும் திறன்கள், சமநிலை. அடிப்படை இயக்கத் திறன்கள் என்பவை இவைதாம். முதல் வகையிலும் மூன்றாவதிலும் மலைப் பாதை பிள்ளைகளுக்கு நிறையப் பழக்கம் கொடுத்துவிடுகிறது. பழைய ஓட்டக்காரன் சேர் சொல்வதில் அவ்வளவும் உண்மை. ஆனால் மலைப் பாதை யாருக்கும் பந்து எறிவதில்லையே. பொருளைக் கையாளுவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும்.

டேல் அல்ரிக் என்ற அமெரிக்கர் 1985இல் இந்தத் திறன்களைப் பார்க்கும் ஒரு சோதனையை வெளியிட்டார். 3 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. இப்போதைய மூன்றாம் பதிப்பில் 13 திறன்கள் இருக்கின்றன. அதில் எனக்குப் பிடித்த விடயம், ஓட்டத்துக்கு நேரமே எடுப்பதில்லை. கைகள் கால்களுக்கு எதிர்மாறாக அசைகின்றனவா, முழங்கை மடிந்திருக்கிறதா, ஒரு கணமாவது இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்புகின்றனவா, பாதம் தட்டையாக விழாமல் குதியிலோ விரலிலோ விழுகிறதா, பின்னால் போகும் கால் நன்றாக மடிகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். கடைசியாக ஓடிவரும் பிள்ளை இதில் முழுப் புள்ளியும் வாங்கலாம். வேர்ன் சீஃபெல்ட் என்பவர் 1980இல் இதற்கு இன்னொரு கோணம் சொன்னார்: இந்த அடிப்படைகள் கைவராத பிள்ளை, பின்னால் விளையாட்டுகளைக் கற்கப் போகும்போது ஒரு தடையில் முட்டி நிற்கும். லயக்கோடி எல்லைக்கோட்டில் நிற்பதாக எழுதியதை வாசித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சிறுமியின் விடயம். கண்ணை மூடி முகத்தைத் திருப்புவது அந்த வயதில் புதுமை இல்லை; வருகிற பொருளுக்குப் பயப்படும் உடம்பு செய்வது அது. "கண்ணைத் திற" என்ற கட்டளை அங்கே வேலை செய்யாது. பயப்படத் தேவையில்லாத பொருளைக் கொடுங்கள். ஒரு மெல்லிய ஷொப்பிங் பையை மேலே எறிந்தால் ஆடி ஆடி இறங்கும். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடிக்கவே முடியாது. அதே நேரம் அது யாரையும் அடிக்காது. முதலில் தானே எறிந்து தானே பிடிக்கட்டும். பிறகு துணியால் தைத்த சிறு பயற்றுப்பை. பிறகு பெரிய மென்மையான பந்து, பக்கத்தில் நின்று. சிறிய பந்து எல்லாவற்றுக்கும் கடைசியில். பந்துக்கு நிறமும் பாருங்கள். மூடுபனி இறங்கிய நாளில் வெள்ளைப் பந்தை எறிந்துவிட்டுப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

அதற்கும் முன்னால் ஒன்று: அவளுக்குக் கண் சரியாகத் தெரிகிறதா? பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அந்த அட்டையைப் பாருங்கள். வீட்டிலும் மெல்ல விசாரியுங்கள்.

பழைய_ஓட்டக்காரன் | திங்கள், இரவு 9.15

கடிகாரம் இல்லாமல் ஓட்டமா? சங்கீதக் கச்சேரிக்குச் சுருதி வேண்டாம் என்பதுபோல இருக்கிறது.

ஆனாலும் பாதம் தட்டையாக விழுவது பற்றி அந்த டீச்சர் எழுதியதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அது உண்மை. எங்கள் பிள்ளைகளைச் சம தரையில் ஓடவிட்டால் பலபேர் பாதத்தைத் தட்டித் தட்டித்தான் ஓடுவார்கள். செருப்பு கழன்று போகாமல் விரலை மடித்துப் பிடித்து இறக்கத்தில் நடந்த பழக்கம் என்பது என் கணிப்பு. தரம் 8இல் என்னிடம் வந்த ஒரு பையனுக்கு அதை மாற்ற இரண்டு தவணை போனது. காற்றுப்போலக் கால், ஆனால் தட்டையாக விழும். அவனைத் தரம் 2இல் யாராவது திருத்தியிருந்தால் என்று இப்போது தோன்றுகிறது. இதை எழுதுவதற்கு எனக்கு விருப்பமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

கெந்துவதற்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். பாண்டி கீறி நொண்டியடிக்க விடுங்கள், போதும்.

மூன்றுவகுப்பு_ஒருகூரை | செவ்வாய், பிற்பகல் 4.20

மஸ்கெலியாப் பக்கம். தரம் 1, 2, 3 மூன்றும் என்னிடம், ஒரே மண்டபத்தில். மேலே "நொண்டியடிக்க" என்ற சொல்லைப் பார்த்தேன். சேர் தப்பாக நினைத்து எழுதவில்லை, நாங்கள் எல்லோரும் சிறு வயதில் அப்படித்தான் சொன்னோம். ஆனால் என் வகுப்பில் ஒரு காலைச் சற்று இழுத்து நடக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். முதல் நாள் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து என் வாயில் "கெந்துதல்" மட்டும்தான்.

எங்கள் பிரச்சினை மழை. மே மாதம் பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் தட்டில் கால் வைக்க முடியாத நாட்களே அதிகம். மேசைகளைச் சுவரோடு ஒதுக்கினால் நடுவில் கொஞ்சம் இடம் வரும். அதில் எறிய முடியாது, ஆனால் குதிரை ஓட்டம், பக்கவாட்டு நடை, கெந்தல், துள்ளுநடை எல்லாம் செய்யலாம்.

துள்ளுநடைதான் என்னைப் படாதபாடு படுத்தியது. ஒரு காலை வைத்து அதே காலில் ஒரு கெந்தல், பிறகு மற்றக் காலை வைத்து அதில் ஒரு கெந்தல். எழுதினால் ஒரு வரி. செய்யச் சொன்னால் பாதிப் பேர் ஒரு பக்கம் மட்டும் கெந்திக்கொண்டு மற்றக் காலை இழுத்து வருவார்கள். எண்ணிச் சொல்லிப் பார்த்தேன், கையைத் தட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை.

காமன்கூத்துக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கும்போது இதே பிள்ளைகள் ஓரத்தில் நின்று ஆடுவதைப் பார்த்தேன். அந்த அடிக்குக் கால் தானாகவே எழும்பி விழுகிறது. மறுநாள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து, நீளம் குட்டை, நீளம் குட்டை என்று அடிக்கவைத்தேன். நீள அடிக்குக் கால், குட்டை அடிக்குக் கெந்தல். அடித்தவன் அந்தப் பையன்தான், அவன் அப்பா தப்பு அடிப்பவர். இரண்டாவது கிழமையில் பதினொரு பேருக்கு வந்துவிட்டது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவன் கையில் இருப்பதால் அந்த அரை மணித்தியாலத்துக்கு வகுப்பில் அவன்தான் பெரிய ஆள். பந்து எறிதலில் அவனைக் கதிரையில் உட்கார வைக்கிறேன். உட்கார்ந்தபடியே இடுப்பைத் திருப்பி எறிவான், நின்று எறிபவர்களைவிடத் தூரம் போகிறது.

ஊவாக்காற்று | செவ்வாய், மாலை 5.05

உங்களுக்கு மழை பெய்யும் அந்த மாதங்களில் எங்களுக்குக் காற்று. ஷொப்பிங் பையை மேலே எறிந்தால் அது வெலிமடைக்குப் போய்விடும். வகுப்பறைக்குள் மட்டும் செய்து பாருங்கள்.

பனிக்காலம் | மூன்றாவது ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

காலுறை கேட்டுக் குறிப்பு அனுப்பினேன். நாற்பத்திரண்டு வந்தது, பெரும்பாலும் ஒற்றைக் காலுறைகள். சோடி எங்கே போனது என்று எந்த வீட்டுக்கும் தெரியாது. அதில் 30 பந்துகள் செய்தோம், பிள்ளைகளே செய்தார்கள். மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். முதல் நாள் ஒரு பிள்ளை எத்தனை தடவை எறிகிறது என்று ஒருத்தியை மட்டும் எண்ணினேன். பத்து நிமிடத்தில் நாற்பத்தொன்று. முன்பு ஒரு தவணைக்கே அவளுக்கு அவ்வளவு கிடைத்திருக்காது.

இரண்டாம் கிழமையில் ஒரு கெட்டித்தனம் செய்தேன். உற்சாகமாக இருக்கட்டும் என்று மேட்டில் குச்சி நட்டுப் பால்மா டின்களைக் கவிழ்த்து வைத்தேன், குறிபார்த்து எறியச் சொன்னேன். எல்லாம் கெட்டது. நன்றாகத் தோளைத் திருப்பி எறிந்துகொண்டிருந்தவர்கள்கூட டின்னுக்கு நேராக நின்று, முழங்கையை மடித்து, ஊசி குத்துவதுபோல மெல்ல எறிய ஆரம்பித்தார்கள். சாக்கை மிதிக்க யாரும் இல்லை. ஏன் இப்படி?

மூன்றாவது, சப்பாத்து. ஒரு தாய் நேரே வந்துவிட்டார். அரசாங்க வவுச்சரில் வாங்கிய சப்பாத்து, வருடத்துக்கு ஒன்றுதான், அதைச் சேற்றில் தோய்த்து அனுப்புகிறீர்களே என்று. கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேராக வந்திருந்தார், அங்கே கட்டும் படங்குத் துணிகூட இடுப்பில் இருந்தது. அவர் கேட்டது நியாயம். இப்போது வெளியே போகும் முன் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றி வராந்தாவில் வரிசையாக வைக்கிறார்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கு ஆள் விரலிடுக்கில் அட்டை பார்ப்பது. ஒரு சவர்க்காரக் கட்டியும் கொஞ்சம் உப்பும் ஜன்னலில் இருக்கின்றன. பாடவேளையில் அவர்கள் அதிகம் விரும்பும் பகுதி அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சிறுமி. கண்ணில் பிழை இல்லை, மருத்துவப் பரிசோதனை அட்டையில் எழுதியிருக்கிறது. பாட்டியிடம் கேட்டேன். போன தீபாவளிக்கு லயத்து வாசலில் அண்ணன் அடித்த தோல் பந்து மூக்கில் பட்டு இரத்தம் வந்திருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் மட்டும் எடுத்திருக்கிறாள்.

ஷொப்பிங் பை கொடுத்தேன். மற்றவர்கள் கத்திக்கொண்டு துரத்த, அவள் மூலையில் நின்று மெல்ல மேலே விட்டாள். அது இறங்கும்போது தலை அதனோடு சேர்ந்து இடமும் வலமும் போனது. கடைசி நிமிடத்தில் கண்ணை மூடவில்லை. இரண்டு விரலால் காதைப் பிடித்துத் தூக்குவதுபோல அதன் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை, உடனே மறுபடியும் மேலே விட்டாள். பயற்றுப்பைக்கு வந்ததும் பழைய கதைதான்: ஐந்து தடவையில் மூன்று தடவை முகம் திரும்புகிறது. முன்பு ஐந்துக்கு ஐந்து.

தரையில்_வட்டம் | திங்கள், காலை 5.50

டின்களை எடுத்துவிடுங்கள் டீச்சர். நீங்கள் மட்டும் இல்லை, நானும் பயிலுநர்களோடு அதே தவறைச் செய்திருக்கிறேன். சின்னக் குறியைக் காட்டினால் பிள்ளையின் உடம்பு பலத்தைக் குறைத்துக்கொண்டு துல்லியத்துக்குப் போகும். மெல்ல எறிய இடுப்பு திரும்ப வேண்டியதில்லை, கால் எட்ட வேண்டியதில்லை. அதனால் அவை காணாமல் போகின்றன. முழு மேடும் குறியாக இருக்கட்டும். பந்து புல்லில் விழும் சத்தம் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னும் ஒரு தவணை போகட்டும், டின்களைப் பிறகு பார்க்கலாம்.

பிடிப்பதற்கு அடுத்த படி: கைகளை முதலிலேயே நீட்டி வைக்க விடாதீர்கள். முழங்கை மடிந்து கைகள் நெஞ்சுக்கு முன்னால் காத்திருக்க வேண்டும். பை வரும்போது நீள வேண்டும். பட்டதும் உள்ளே வாங்க வேண்டும். அவளுடைய "பலகைக் கை" பயத்தில் வந்தது. அது மடியத் தொடங்கினால் பயம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய_ஓட்டக்காரன் | திங்கள், இரவு 8.30

அதிபர் என்ன சொல்கிறார்? எங்கள் காலத்தில் முதலாம் தவணை முழுக்க விளையாட்டுப் போட்டி ஒத்திகை. சின்னப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சிக் காட்சி. பிரதம விருந்தினருக்கு முன்னால் ஒரே நேரத்தில் 200 கை மேலே போக வேண்டும்.

பனிக்காலம் | திங்கள், இரவு 8.55

அதேதான் சேர். "பந்தோடு விளையாடிக்கொண்டிருந்தால் காட்சியை எப்போது பழக்குவது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

தரையில்_வட்டம் | திங்கள், இரவு 9.20

1999இல் நாடு முழுவதும் வந்த சீர்திருத்தத்தில் தரம் 1, 2 இரண்டும் "முதன்மை நிலை 1" என்று வகுக்கப்பட்டன. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றில் அந்த நிலையில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். மரியாதையாக அதைச் சொல்லிப் பாருங்கள்.

பழைய_ஓட்டக்காரன் | திங்கள், இரவு 9.45

சுற்றுநிருபம் காட்டினால் அதிபருக்குக் கோபம்தான் வரும், எனக்கும் வந்திருக்கும். காட்சியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள் தங்கச்சி. மஸ்கெலியா டீச்சர் வாளி அடிக்கவைத்தாரே, அந்தத் துள்ளுநடையையே காட்சியாக்குங்கள். வாளிக்குப் பதில் தோட்டத்துத் தப்பைக் கூப்பிடுங்கள். 27 பிள்ளைகளும் துள்ளுநடையில் வந்து, மேட்டைப் பார்த்து நின்று, ஒரே அடிக்கு 27 பந்தும் எறியட்டும். பிரதம விருந்தினர் கைதட்டுவார், அதிபர் சிரிப்பார். உங்கள் ஒத்திகைதான் உங்கள் பாடம்.

ஓட்டத்துக்குக் கடிகாரம் வேண்டாம் என்பதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. அதைப் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

லயக்கோடி | திங்கள், இரவு 10.05

பதிவுசெய்தாயிற்று சேர். பணிஸ் போட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பனிக்காலம் | வியாழன், மாலை 6.30

அதிபர் "யோசிப்போம்" என்றார். மறுக்கவில்லை.

இப்போது வேறு பிரச்சினை. பயற்றுப்பை என்ற பெயரைக் கேட்டு உண்மையாகவே பாசிப்பயற்றைப் போட்டுத் தைத்தேன். போன கிழமை மழையில் ஜன்னலோரத்துப் பெட்டி நனைந்துவிட்டது. இன்று திறந்தால் பதினான்கு பையும் முளைத்திருக்கின்றன. தையல் வழியாக வெள்ளை வால் எட்டிப் பார்க்கிறது. பிள்ளைகளுக்குச் சுற்றாடல் பாடம் ஒன்று கிடைத்தது; எனக்குப் பை இல்லை. அரிசி போட்டால் எலி வரும். இந்தக் குளிரில் எதைப் போடுவது?

மூன்றுவகுப்பு_ஒருகூரை | வியாழன், மாலை 7.00

கழுவிக் காயவைத்த ஆற்று மணலைச் சிறு பொலித்தீனில் கட்டி, அதைத் துணிக்குள் வைத்துத் தைக்கிறேன். ஒரு கைப்பிடி மணல் போதும், கூடினால் கனக்கும். ஆனால் தையல் விட்டால் கண்ணில் விழும், பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் சிறுமிக்கு அது வேண்டாம்.

ஊவாக்காற்று | வியாழன், மாலை 7.15

புளியங்கொட்டை. வழவழப்பானது, லேசில் முளைக்காது, கையில் நன்றாகப் படியும். ஒவ்வொரு வீட்டிலும் கறிக்குப் புளி கரைத்துவிட்டுக் கொட்டையை எறிகிறார்கள். காலுறை கேட்டதுபோலக் குறிப்பு அனுப்புங்கள். கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு.

பழைய_ஓட்டக்காரன் | வியாழன், இரவு 8.10

பல்லாங்குழிக்கு என்று என் மனைவி சேர்த்து வைத்த புளியங்கொட்டை ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. கேட்டுவிட்டேன், தருகிறாராம். பழைய சைக்கிள் டியூப் இரண்டும் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு வருவேன், கறுப்புக் குடை. டின்னை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.